கழித்த படங்களைக் கேட்பவர்

கேள்வி: இரண்டு வருடமாகக் கேமராவும் கையுமாக அலைகிறேன். படம் பார்ப்பவர்கள் எல்லாம் ‘சூப்பர்’ என்கிறார்கள். எனக்கோ நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. நல்ல குருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ‘சூப்பர்’காரர்களை விடுங்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள்.

எனக்கு வாய்த்தவர் முதல் நாள் என் கேமராவை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொறுக்கி எடுத்துப் போன பத்துப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, “கழித்ததை எல்லாம் கொண்டுவா” என்றார். ஃபிலிம் காலம் அது. 36 படமும் ஒரே தாளில் இருக்கும் கான்டாக்ட் ஷீட்டை நீட்டினேன். ஒரு பாட்டியை ஆறு தடவை எடுத்திருந்தேன், ஆறும் ஒரே இடத்தில் நின்றபடி. “காலில் ஆணி அடித்திருந்தார்களா?” என்றார். அப்புறம் பாட்டியின் பெரிய பிரின்ட்டை எடுத்து, ‘ட’ எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். வலப்பக்கத்துச் சன்னல் மறைந்ததும் பாட்டியின் கை தெரிந்தது. எடுத்தவன் நான், அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

அப்படிக் கழித்ததைக் கேட்கிற ஆளைத் தேடுங்கள். ‘இதை நாம் எடுத்திருக்கக் கூடாதா’ என்று உங்களைப் பொறாமைப்பட வைக்கிற படங்கள் யாருடையவை? அவரிடம் போங்கள். “என் படம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அவரும் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வார். “இந்த மூன்றிலும் பின்னணி கண்ணை இழுக்கிறது, நீங்களாக இருந்தால் எங்கே நின்றிருப்பீர்கள்?” என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் லென்ஸை மாற்றச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆறு மாதத்தில் உங்கள் படங்கள் அச்சு அசலாக அவர் படங்கள் போலவே ஆகிவிட்டாலும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நேரமில்லை என்கிறாரா? வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தட்டியான ரிஃப்ளெக்டரைப் பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் கிளிக் செய்வதற்கு முன்னால் எத்தனை அடி நகர்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்றால்தான் பார்க்க முடியும். ஒன்றும் தெரியாதே என்று கூச வேண்டாம். 1923-இல் பாரிஸில் புகைப்படக் கலைஞர் மேன் ரே, படம் கழுவும் தன் இருட்டறைக்கு உதவியாளர் தேடியபோது, புகைப்படம் பற்றி எதுவுமே தெரியாத ஆள்தான் வேண்டும் என்றார். சிற்பம் படித்துக்கொண்டிருந்த பெரெனிஸ் அபாட் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் நியூயார்க் நகரத்தைப் படமாக்கிப் பேர் வாங்கியவர் அவர்தான்.

சரி, முதல் சந்திப்புக்குப் போகும்போது டெலிட் செய்யாமல் வைத்திருக்கும் சொதப்பல்களையும் எடுத்துப் போங்கள்.