பனிக்காலத்தில் காருக்குப் பதில் சைக்கிள் சரிப்படுமா?

"மைனஸ் பத்து டிகிரியில் சைக்கிளா? விறைத்துப் போக மாட்டோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டீர்கள். பின்லாந்தில் ஓலு என்றொரு நகரம். ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து 200 கி.மீ.கூட இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பலர் பனியிலும் சைக்கிளில்தான் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலாக 2013இல் நடந்ததும் அங்கேதான்.

உண்மையில் குளிரைவிடத் தரைதான் எதிரி. உப்பைக் கொட்டினால் பனி உருகிச் சேறாகும். ராத்திரி அதுவே இறுகி, டயர் தடம் தடமாகக் கல் மாதிரி நிற்கும். சக்கரம் அதில் சிக்கினால் ஆள் காலி. ஓலுவில் சைக்கிள் பாதைப் பனியை அழுத்திச் சமப்படுத்தி, மேலே பொடி ஜல்லி தூவுகிறார்கள். பெரும்பாலான பாதைகள் கார் சாலையோடு சேராமல் தனியே ஓடுவது இன்னொரு நிம்மதி.

உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால் ஆணி பதித்த டயர் வாங்குங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதா, முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் நேரே தரைதான்.

உடை விஷயத்தில் புது ஆட்கள் அள்ளிப் போர்த்திக்கொண்டு வேர்த்து நனைவார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஐந்து நிமிட மிதியில் சரியாகிவிடும். விரல்களுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பூட்டுக்குள் ஈரம் உறைந்துவிட்டால் சாவியை லைட்டரில் சூடாக்கி உள்ளே விடுங்கள். மின்சார சைக்கிளென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். குளிரில் ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் நன்றாகவே குறையும்.