அச்சகத்துக்கு ஒரு ஃபைல் சர்வர்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது?

கேள்வி: சிவகாசியில் சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறோம். டிசைனுக்கு 4 கம்ப்யூட்டர், கணக்குக்கு 1, பிளேட் போடும் சிடிபி மிஷினோடு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் 1. ஃபைல் எல்லாம் பென்டிரைவில்தான் சுற்றுகிறது. கடைசியாகத் திருத்தியது எது என்று தெரியாமல் தப்பான பிளேட் விழுகிறது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் போட்டுவிட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரமில்லை. அதற்குள் ஒரு சர்வர் போட்டுவிட வேண்டும். கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கித் தருவதாகச் சொல்கிறார். நாஸ் பெட்டி வாங்குவது வீண் செலவா?

பதில்: வீண் செலவு இல்லை. நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி; இரண்டு டிஸ்க் போடும் பெட்டி உங்களுக்குப் போதும். பழைய கம்ப்யூட்டர் 60 வாட் இழுத்தாலே, இரவும் பகலும் ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகிவிடும். 20 வாட் நாஸுக்கு 14 யூனிட். கரன்ட் பில்கூட இரண்டாம்பட்சம்தான். விண்டோஸில் ஷேர் போட்டால் யாராவது அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள், மெயிலில் வந்ததைத் திறப்பார்கள், நடுவில் ரீஸ்டார்ட் செய்வார்கள். எல்லோருடைய ஃபைலும் இருக்கும் மிஷினில் யாரும் பிரவுசர் திறக்கக் கூடாது. லினக்ஸும், அதில் ஃபைல் ஷேர் செய்யும் மென்பொருளான சாம்பாவும் நன்றாகத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தால் பழைய கம்ப்யூட்டரை யோசிக்கலாம்; பெரும்பாலான நாஸ் பெட்டிக்குள் ஓடுவதும் அதே சாம்பாதான்.

பெட்டியின் பிராசஸர் வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து ஃபைல் நிலையைப் பதிந்துவைத்துப் பின்னால் மீட்பது) வசதி உண்டா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது. மிச்சமாகும் பணம் டிஸ்க்குக்கும் பேக்கப்புக்கும் போகட்டும்.

டிஸ்க் 4 டெராபைட் இரண்டு, ரெய்ட் 1. ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். கையில் கிடைப்பது ஒரு டிஸ்க் அளவு இடம்தான். பெட்டியில் நாஸ் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, டிஸ்க் சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதது) என்று பாருங்கள். டபிள்யூடி நிறுவனத்தின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான டிஸ்க்குகளில் சத்தமில்லாமல் எஸ்எம்ஆர் முறை நுழைந்திருந்தது 2020இல் வெளியே வந்தது. பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தில் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புதிதைப் போட்டு ரெய்டைச் சரிசெய்யும்போது அது இழுத்துக்கொண்டே போகும், சில சமயம் பாதியில் நின்றும்விடும். ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

கேபிளையும் ஸ்விட்சையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஏ3 அளவு, 300 டிபிஐ, நாலு கலர், லேயர் இல்லாத படம் ஒன்று சுமார் 70 மெகாபைட். லேயரோடு 700 வரை போகும். கிகாபிட் லைனில் நொடிக்கு 110 மெகாபைட் வரும். அந்த ஃபைல் ஏழு நொடியில் திறக்கும். காப்பி வேகம் 11 மெகாபைட்டிலேயே நின்றால் லைன் 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். அதே ஃபைலுக்கு ஒரு நிமிடம். காரணம் பெரும்பாலும் கேபிளின் எட்டு இழைகளில் ஒன்று கிரிம்ப்பில் பிடிக்காமல் போனதுதான், இல்லையென்றால் பழைய ஸ்விட்ச். டிசைன் கம்ப்யூட்டர்களை வைஃபையில் விடாதீர்கள்.

இனி செட்டிங். பெட்டியை ஆன் செய்ததும் முதலில் அப்டேட். அடுத்து வேறு பெயரில் அட்மின் கணக்கு ஒன்று உண்டாக்கி, கூடவே வந்த ‘அட்மின்’ கணக்கை முடக்குங்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் புரோகிராம்கள் முதலில் முட்டுவது அந்தப் பெயரில்தான். ரவுட்டரில் நாஸுக்கு ஒரே ஐபி (நெட்வொர்க் முகவரி) நிலையாகக் கிடைக்கும்படி ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒருநாள் கரன்ட் போய் வந்ததும் எல்லோருடைய ஷார்ட்கட்டும் வேலை செய்யாது.

ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். ‘ஆபீஸ்’ என்று ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுத்தால், யார் அழித்தார்கள் என்று தெரியாது; ஒருவர் வேலையை விட்டுப் போனால் அத்தனை கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும். உரிமையை ஆள் ஆளாகக் கொடுக்காமல் டிசைன், கணக்கு என்று குரூப்புக்குக் கொடுங்கள். ஷேர் ஃபோல்டர் மூன்று போதும்: நடக்கும் வேலை, முடிந்த வேலை, கணக்கு. முடிந்த வேலையை டிசைனர்கள் பார்க்கலாம், திருத்தக் கூடாது. பிளேட்டுக்குப் போன ஃபைல் அங்கே நகர்ந்துவிட்டால் உங்கள் தப்பான பிளேட் பிரச்சினை பாதிக்குமேல் தீர்ந்துவிடும். நகர்த்தும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையும் கெஸ்ட் கணக்கை மூடுங்கள். எஸ்எம்பி (விண்டோஸ் ஷேர் ஃபோல்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) செட்டிங்கில் குறைந்தபட்சப் பதிப்பு எஸ்எம்பி 2 என்று வையுங்கள். சினாலஜி நிறுவனத்தின் நாஸில் இது கன்ட்ரோல் பேனல், ஃபைல் சர்வீசஸ், எஸ்எம்பி, அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் என்ற வழியில் இருக்கும். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் புரோகிராம்), விண்டோஸின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவியது.

இங்கேதான் உங்கள் எக்ஸ்பி குறுக்கே நிற்கும். அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. ‘இந்த ஒரு மிஷினுக்காக எஸ்எம்பி 1 ஆன் செய்துவிடலாம்’ என்பார்கள், சம்மதிக்காதீர்கள். சிடிபிக்கு என்று தனி ஃபோல்டரும் தனிக் கணக்கும் உண்டாக்கி, அந்தக் கணக்குக்கு எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் பழைய முறை) அனுமதி மட்டும் கொடுங்கள். எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமலே போகும், அதனால் அந்தக் கணக்கால் வேறு எந்த ஃபோல்டரையும் தொட முடியக் கூடாது. நாஸின் ஃபயர்வாலில் எஃப்டிபிக்கு எக்ஸ்பியின் ஐபியை மட்டும் அனுமதியுங்கள். எக்ஸ்பியின் ஐபி செட்டிங்கில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது இன்டர்நெட் பக்கம் போகாது.

ஒரு சிக்கல் கட்டாயம் வரும். ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நாஸுக்கு இரண்டு வேறு பெயரில் நுழைய முடியாது. 1219 என்ற எண்ணோடு எரர் காட்டும். பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் நாஸின் பழைய பதிவை நீக்கி, லாக் ஆஃப் செய்து வந்தால் சரியாகிவிடும்.

ரெய்ட் பேக்கப் ஆகாது. ஒருவர் தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வேலை நேரத்தில் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், தினமும் ஒன்று வீதம் 30 நாள் வையுங்கள். டிசைனர் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால் அவர் எழுதக்கூடிய ஃபோல்டர் எல்லாம் பூட்டப்படும். ஆனால் ஸ்னாப்ஷாட்டை அழிக்க அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அதனால்தான் அந்தப் பாஸ்வேர்டை எந்தக் கம்ப்யூட்டரிலும் சேமிக்கக் கூடாது. இதோடு யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் மாற்றி மாற்றிப் பேக்கப் எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு ஃபைலையாவது அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பாருங்கள், நாஸின் பொருத்தப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒயர் இருந்தால்தான் பேட்டரி தீருவதற்குள் நாஸ் தானாக முறைப்படி அணையும்.

கேள்வி: வீட்டிலிருந்தும் ஃபைல் எடுக்க வேண்டும் என்றதற்கு, சர்வீஸ் ஆள் ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்துவிட்டார். பாஸ்வேர்ட் கடினமானதுதான். பரவாயில்லையா?

பதில்: இன்றே மூடச் சொல்லுங்கள். போர்ட் திறந்திருந்தால் இன்டர்நெட்டில் இருக்கும் யாரும் உங்கள் பெட்டி வரை வரலாம். பெட்டியின் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்கப்போவதில்லை. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் அப்படித்தான் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் நுழைந்து, ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் டபிள்யூடி மை புக் லைவ் டிஸ்க்குகள் இன்டர்நெட் வழியாகத் துடைத்தெடுக்கப்பட்டன; 2015லேயே அப்டேட் நின்றுபோன பொருள் அது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு ரான்சம்வேர் மறுபடி க்யூநாப் பெட்டிகளைத் தாக்கியது.

வீட்டிலிருந்து வர விபிஎன் (இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள்: வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல். நம் ஊர் பிராட்பேண்ட் பலவற்றில் தனிப் பொது ஐபி கிடைக்காது, டெயில்ஸ்கேல் அதிலும் வேலை செய்யும். ரவுட்டரில் யுபிஎன்பியை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் பெட்டி தானாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள முடியும்.

கேள்வி: புதிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2. பழைய கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கும் ஷேர் இதில் மட்டும் திறக்கவில்லை. லேப்டாப் பழுதா?

பதில்: பழுதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். இந்தப் பதிப்பு ஒவ்வொரு எஸ்எம்பி பாக்கெட்டிலும் கையொப்பம் கேட்கிறது, கெஸ்ட் நுழைவையும் மறுக்கிறது. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட்டால் கையொப்பம் போடவே முடியாது. இணையத்தில் சொல்லும் ரெஜிஸ்ட்ரி திருத்தத்தைச் செய்யாமல் நாஸில் ஒரு கணக்கு உண்டாக்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நாஸ் டிஸ்க் கடையைவிட நல்ல விலை குறைவு. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். நாஸில் போட்டதும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைப் பதியும் கணக்கு) பக்கத்தில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிதென்று விற்கப்பட்டது ஜெர்மனியில் அம்பலமானது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு. ஸ்மார்ட்டில் 2 மணி நேரமும் ஃபார்மில் 15,000 மணி நேரமும் காட்டினால் அது பழைய டிஸ்க். இரண்டையும் படம் எடுத்து, திருப்பிக் கேளுங்கள். விற்றவர் மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லோடும் படத்தோடும் புகார் பதியலாம்.