மடவையின் செதிலைச் செயற்கை இரையில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கொடுவா பிடிப்பதற்காக, 12 செ.மீ. நீளத்தில் மரத்தாலான செயற்கை இரைமீன்களை நானே செதுக்குகிறேன். மடவை போலத் தெரியட்டும் என்று வெள்ளி நிறம் பூசி, வெங்காயம் கட்டி வரும் வலையை அதன்மேல் வைத்துக் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். செதிலுக்குப் பதிலாகப் பெரிய கறுப்புத் திட்டுகள் வந்தன, ஓரங்களும் கசிந்துவிட்டன. மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்ததும் வெள்ளி சாம்பலாகிவிட்டது. என்னிடம் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) இல்லை. ஸ்பிரே டப்பாவை வைத்தே இதைச் சரிசெய்ய முடியுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முடியும். முதலில் நிறங்களின் வரிசையைத் தலைகீழாக்குங்கள். வலை வழியாக அடிக்கும் பெயின்ட், வலைக்கண்களுக்குள்தான் விழும். நூல் மறைத்த இடத்தில் அடிநிறம் அப்படியே நிற்கும். ஆகவே நீங்கள் அடிக்கும் நிறம் செதிலாகிறது. அடியில் இருக்கும் நிறம் செதிலின் விளிம்பாகிறது. வெள்ளியின் மேல் கறுப்பை அடித்ததால் உங்களுக்குக் கறுப்புச் செதிலும் வெள்ளி விளிம்பும் கிடைத்திருக்கின்றன. மடவைக்கு இது நேர் எதிராக இருக்க வேண்டும். அடியில் கருஞ்சாம்பல், வலை வழியாக வெள்ளி. சுத்தக் கறுப்பை அடிநிறமாக வைக்காதீர்கள். கோடுகள் கம்பி வேலி போலத் தெறித்து நிற்கும்.

அடுத்தது வலையின் அளவு. மடவையின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஒரு வரிசையில் ஏறக்குறைய 40 செதில்கள் இருக்கும். உங்கள் 12 செ.மீ. இரையில் தலையையும் வாலையும் கழித்தால் உடலுக்கு மிஞ்சுவது எட்டு, எட்டரை செ.மீ. அப்படியானால் ஒரு செதிலுக்கு 2 மி.மீ.தான். வெங்காய வலையின் கண் இதைவிடப் பல மடங்கு பெரியது. துணிக்கடையில் கவுனுக்கும் பாவாடைக்கும் உள்ளே வைத்துத் தைக்க விற்கும் நெட் துணியைக் கேளுங்கள். அதில் அறுகோணக் கண்கள் இருக்கும். அளவுகோலைக் கொண்டுபோய்க் கண்ணை அளந்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விறைப்பான ரகம் உடலோடு படியாது, மென்மையானதாகப் பாருங்கள்.

வலையைக் கட்டும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. துணியை முதுகின் மேல் போர்த்தி, இரு ஓரங்களையும் வயிற்றுக்குக் கீழே சேர்த்து இழுத்து, வரிசையாகத் துணி கிளிப்புகளை மாட்டுங்கள். மடிப்பும் சுருக்கமும் அடிவயிற்றில் வந்துவிடும். அங்கே எப்படியும் வெள்ளை அடிக்கப் போகிறோம் என்பதால் கவலையில்லை. இழுக்கும்போது மேலும் கீழுமாக இழுங்கள். நீளவாக்கில் இழுக்க வேண்டாம். செதில்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பவை. வெளியே தெரியும் பகுதி குறுகலாகவும் உயரமாகவும்தான் இருக்கும். நீளவாக்கில் இழுபட்ட கண் பாம்புத்தோலைப் போலாகிவிடும். வால் அருகே மட்டும் பிடியைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே கண்கள் சிறுத்து நிற்கும். உண்மை மீனிலும் வாலை நோக்கிப் போகப் போகச் செதில் சிறுத்துக்கொண்டே போகிறது. இந்த ஒரு நுணுக்கத்தைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தலையிலிருந்து வால்வரை ஒரே அளவில் செதில் இருந்தால் அச்சடித்த காகிதத்தைச் சுற்றியது போலத்தான் இருக்கும்.

வலை போடுமுன் செவுள் மூடியையும் முகத்தையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள். மடவையின் தலையிலும் செதில் உண்டு. ஆனால் இந்த அளவில் அதைக் காட்டப்போனால் முகம் தெளிவிழந்துவிடும்.

கசிவுக்குக் காரணம் இரண்டு. வலை உடலைத் தொடாமல் தூக்கி நிற்கும் இடத்தில் பெயின்ட் தூசி நூலுக்கு அடியில் புகுந்துவிடும். ஈரம் அதிகமானால் பெயின்ட் நூலோடு ஊர்ந்து பரவும். டப்பாவில் அடிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தொல்லைதான் அதிகம், ஏனென்றால் ஏர்பிரஷைவிட டப்பா ஒரே அழுத்தலில் நிறையத் துப்பும். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, உடலுக்கு நேர் செங்குத்தாக அடியுங்கள். விசையை மீனுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை ஓட்டி, மறுபக்கம் வெளியே போனபின் விட வேண்டும். முதல் ஓட்டத்தில் ஒன்றுமே படியாதது போலத் தெரியும். அதுதான் சரியான அளவு. ஓரிரு நிமிட இடைவெளியில் இப்படி மூன்று நான்கு ஓட்டம் போதும். தொட்டால் ஒட்டாத நிலை வந்தபின் கிளிப்புகளைக் கழற்றி, வலையை வழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள்.

இப்போது கையில் இருப்பது உடல் முழுக்க ஒரே சீராகச் செதில் போட்ட மீன். அதோடு நிறுத்தினால் பொம்மைதான். முதுகின் மேல் கரும்பச்சையையோ நீலச்சாம்பலையோ மேலிருந்து லேசாகத் தூவுங்கள். செதில் அதன் அடியில் மங்கலாகத் தெரிய வேண்டும், மறையக் கூடாது. வயிற்றில் கீழிருந்து வெள்ளை. செதில் முழுத் தெளிவோடு நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டின் நடுப்பகுதி மட்டுமே. மடவைக்குச் செதில் வரிசையை ஒட்டி ஆறேழு மங்கிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். அவற்றை மெல்லிய தூரிகையால், நீர்த்த சாம்பல் அக்ரிலிக் கொண்டு இழுத்து, உடனே விரலால் ஒற்றிவிடுங்கள். பக்கத்துடுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கருநீலப் புள்ளி வைத்தால் மடவையை அறிந்தவர் கண்டுகொள்வார்.

வெள்ளி சாம்பலானதற்கு வருவோம். நீங்கள் வாங்கியது கண்ணாடிபோல் மின்னும் குரோம் ரகமாக இருக்க வேண்டும். அதில் நுண்ணிய உலோகச் சிதறல்கள் மேற்பரப்பில் தட்டையாகப் படுத்திருப்பதால்தான் அந்த மினுக்கம். கிளியர் கோட்டிலுள்ள கரைப்பான் பட்டதும் அவை கலைந்து, ஒளி சிதறிப் போகிறது. செதிலுக்குச் சாதாரண மெட்டாலிக் வெள்ளியோ முத்து வெள்ளையோ போதும். அவை இந்த அளவுக்கு மங்குவதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பெயின்டுகளைப் பயன்படுத்துங்கள். சரியாகக் காயாத எனாமலின் மேல் லாக்கர் பட்டால் தோல் சுருங்கும். மறுபூச்சுக்கு எத்தனை மணிநேரம் பொறுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள்.

உண்மையான மினுக்கம்தான் வேண்டும் என்றால் அலுமினியத் தகடு டேப்புக்கு மாறுங்கள். மீனின் செதில் ஒளி ஊடுருவக்கூடியது. பளபளப்பைத் தருவது அதன் அடியிலும் தோலிலும் உள்ள குவானைன் படிகங்கள். ஆகவே கீழே தகடு, மேலே தெளிந்த பூச்சு என்பது இயற்கைக்கு நெருங்கிய ஏற்பாடு. டேப்பை ஒட்டுமுன், சொரசொரப்பான அரத்தின் மேலோ சன்னமான கம்பி வலையின் மேலோ வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் செதில் பதியும். சாளை வடிவ இரைக்கு எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். இது புதிய யோசனையும் அல்ல. பின்லாந்தின் லௌரி ரபாலா 1936இல் தக்கையில் செய்த தம் முதல் இரைக்குச் சாக்லேட் சுற்றிய தகட்டைத்தான் போர்த்தினார்.

கொடுவா இத்தனையையும் கவனிக்குமா என்று கேட்டால், கலங்கிய முகத்துவார நீரில் அது முதலில் காண்பது உருவத்தையும், கருத்த முதுகுக்கும் வெளுத்த வயிற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும், திரும்பும்போது வரும் மின்னலையும்தான். நீந்தும் அசைவு சரியில்லாத இரையைச் செதில் காப்பாற்றாது. ஆதலால் பெயின்டைத் தொடும் முன்பே ஒரு வாளித் தண்ணீரில் மிதப்பையும் சமநிலையையும் பார்த்துவிடுங்கள். அப்படிப் பார்த்த பிறகு மரம் நன்றாகக் காய்ந்து, உப்புத்தாள் போட்டு, சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்த பின்னரே பிரைமர் (நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சு).

கடற்கரைக் காற்றின் ஈரம் இன்னொரு எதிரி. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூக்கும். மழைநாளிலும் அதிகாலையிலும் ஸ்பிரே அடிக்க வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, காற்றோட்டமான நிழலில், முகக்கவசத்தோடு அடியுங்கள். வண்ணம் ஓரிரு நாள் காய்ந்ததும் இரைமீனுக்குக் கண்களை ஒட்டவைத்து, இருபகுதி எபாக்சியை (இரண்டையும் கலந்தால் இறுகும் பிசினை) ஒரே ஒரு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் பூசி முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும். மெதுவாக இறுகுவதை வாங்கி, வழியாத நிலை வரும்வரை இரையைத் திருப்பிக்கொண்டே இருங்கள். தூண்டில் முள் மாட்டும் வளையங்களில் எபாக்சி அடைத்திருந்தால் அது முழுதாக இறுகுமுன் ஊசியால் நீக்கிவிடுவது நல்லது. இறுகியபின் துளைத்தால் விளிம்பு விரிந்து தண்ணீர் மரத்துக்குள் போகும்.