ஏரியில் புகுந்த அந்நிய மீன் எந்த ஊர்க்காரன் என்று மரபணு சொல்லுமா?

கேள்வி: இதுவரை இல்லாத ஒரு மீன் திடீரென்று ஓர் ஏரியில் பெருகிவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எங்கிருந்து என்பதோடு, கொஞ்சமாக வந்ததா கூட்டமாக வந்ததா என்பதும் பல நேரம் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது தகவல்தான் அதிக மதிப்புள்ளது. கனடாவில் ஒரு மீன் மரபியல் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்து ஏரிகளை ஆட்டிவைக்கும் ரவுண்டு கோபி மீனை வைத்தே சொல்கிறேன்.

நம்மூர் உளுவைக்குச் சொந்தக்கார மீன் இது. முதுகின் முன்துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருக்கும். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்றுப்பை கிடையாது, அதனால் தரையோடு தரையாகத்தான் வாழ்க்கை. பூர்வீகம் கருங்கடல், அசோவ் கடல், காஸ்பியன் கடல் பகுதிகள். 1990-இல் கனடா, அமெரிக்க எல்லையில் ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் அகப்பட்டது. ஐந்தே வருடத்தில் அந்த எல்லைப் பகுதியின் ஐந்து பேரேரிகளுக்கும் (Great Lakes) போய்விட்டது. உள்ளூர் மீன்களின் முட்டைகளைத் தின்கிறது, பாறை இடுக்குகளிலிருந்து சிறு மீன்களை விரட்டுகிறது.

கப்பலில்தான் வந்தது என்பது முதலிலேயே தெரியும். சரக்கில்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்கத் துறைமுகத்துத் தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு போய், சரக்கேற்றும் இடத்தில் கொட்டிவிடும். கோபிக் குஞ்சுகள் இரவில் மேல்மட்டத்துக்கு வரும் பழக்கம் உள்ளவை, அந்நேரம் பம்ப் ஓடினால் கூட்டமாக உள்ளே போய்விடும். ஆனால் எந்தத் துறைமுகம்? அதே 1990-இல் போலந்தின் கதான்ஸ்க் வளைகுடாவிலும் இந்த மீன் தென்பட்டதால் குழப்பம் கூடியது.

பார்க்கும் முறை எளிதுதான். துடுப்பின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு வெட்டி, எத்தனால் ஊற்றிய சிறு குழாயில் போட்டு, பிடித்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். அடுத்த மீனைத் தொடுமுன் கத்தரியைத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு மீனின் டிஎன்ஏ கலந்துபோகும். பிறகு இரண்டு விதமாகப் படிப்பார்கள். தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் உள்ள மாற்றங்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் டிஎன்ஏவில் ஒரே துண்டு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்ற கணக்கு. ஒரு மரபணு வகை ஓர் ஊரில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதாது. எந்தெந்த வகை என்ன விகிதத்தில் கலந்திருக்கிறது என்று பூர்வீக ஊர் ஒவ்வொன்றோடும் ஒப்பிடவேண்டும்.

பிரவுன், ஸ்டெப்பியன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பேரேரி கோபிகள் உக்ரைனின் டினிப்பர் ஆற்றில் கெர்சான் துறைமுகப் பக்கத்து மீன்களோடு மிக நெருங்கிப் பொருந்தின. என்னை அசர வைத்தது வேறு. வந்தேறி மீன்களின் மரபணு வகைகள் பூர்வீகத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும் என்றுதான் வழக்கமாக எதிர்பார்ப்போம், நாலைந்து மீன் வந்து பெருகினால் அப்படித்தான் ஆகும். கோபியில் அந்தக் குறைவே இல்லை. அப்படியானால் தப்பித்தவறி நுழைந்த ஒன்றிரண்டின் வம்சம் அல்ல, ஏராளமாக வந்திறங்கியிருக்கிறது. கப்பல் தண்ணீரைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி வேறென்ன வேண்டும்? அந்நிய மீன் விவகாரத்தில் நாம் பிடித்து அழிப்பதைப் பற்றியே பேசுகிறோம், வழியை அடைப்பதைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் வருத்தம்.

இதற்கு நேர்மாறான கதை நம் குளத்து ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன். 1930-களின் இறுதியில் ஜாவாவில் கிடைத்த ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகளே பின்னாளில் ஆசியா முழுக்கப் பரப்பப்பட்டன, இந்தியாவுக்கு 1952-இல் வந்தது. அந்தக் குறுகிய தொடக்கம் ஆசிய மீன்களின் மரபணுவில் இன்றும் தெரிகிறது: வகைகள் மிகக் குறைவு. ஆனாலும் நம் ஏரிகளில் அது படுத்தும் பாடு தெரிந்ததே. ஆகவே வகை குறைவாக இருந்தால் தானாக அழிந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது.

இந்த முறைக்கு ஒரு பெரிய வரம்பு உண்டு. பூர்வீகத்தில் எந்த ஊரிலிருந்து மாதிரி எடுக்கவில்லையோ, அந்த ஊர் விடையில் வராது, பக்கத்து ஊர்தான் வரும். “கெர்சான்” என்றால் கெர்சான் படகுத்துறையே என்று எடுத்துக்கொள்ளாமல், டினிப்பர் முகத்துவாரப் பக்கம் என்று புரிந்துகொள்வது நல்லது.

பேரேரிகளுக்குள் வந்தபின் கோபி உள்நாட்டு ஓடைகளுக்குப் போவதில் தூண்டில்காரர்களின் இரை வாளிக்கும் பங்குண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மீன் பிடிக்கும் நம்மவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்: கோபியை அங்கே இரையாகப் பயன்படுத்தவோ உயிரோடு வைத்திருக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. தூண்டிலில் மாட்டினால் தண்ணீரில் திரும்ப விடாமல் கொன்றுவிடுங்கள். அது இதுவரை இல்லாத ஓடை என்றால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்நிய உயிரினங்களுக்கான உதவி எண்ணில் தெரிவியுங்கள்.