அறுபதாயிரம் ரூபாயும் ஒரு நாவலும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் வாடிப்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. உங்கள் இரண்டாவது நாவலை எங்கள் ஊர் நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுத்தான் எனக்கே எழுத வேண்டும் என்று தோன்றியது. நான்கு வருடமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. தட்டச்சில் 380 பக்கம் வந்திருக்கிறது.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் ‘பிரமாதம், போட்டுவிடலாம்’ என்று பதில் வந்தது. 60,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். 300 பிரதி, வெளியீட்டு விழா, சிறப்பு விருந்தினர்கள் எல்லாம் அதில் அடக்கம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு மட்டும் தனியாக 5,000. எடிட்டிங் உண்டா என்று கேட்டேன். ‘உங்கள் நடையே நன்றாக இருக்கிறது, தேவையில்லை’ என்றார்கள். எனக்கும் உள்ளூர அது நிம்மதிதான். நாவல் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. திருத்துகிறேன் என்று யாராவது அதைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயம்.

நகையை அடகு வைத்தால் பணத்தைப் புரட்டிவிடலாம். கட்டலாமா அக்கா? புத்தகம் வந்த பிறகு வாசகரிடம் அதை எப்படிக் கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி, வாடிப்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

நகையை அடகு வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இது.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகக் கொடுக்கிறது. எழுத்தாளர் தானே புத்தகம் போட்டாலும் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு 5,000 கேட்கிறவர்கள் மீதி 60,000 ரூபாய்க்கு என்ன கணக்கு வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் ஒரு குறையும் இல்லை. நம் பக்கத்து வத்தலக்குண்டுக்காரர், எழுத்தாளர் சி. சு. செல்லப்பா தன் கைக்காசைப் போட்டுத்தான் பத்திரிகை நடத்தினார், புத்தகங்களும் போட்டார். ஆனால் அவருக்கு ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று தெரியும். நீங்களும் மதுரையிலோ சிவகாசியிலோ இரண்டு அச்சகங்களில் 300 பிரதிக்கு மதிப்பீடு கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்கும் 60,000-க்கும் நடுவில் இருப்பது மேடையும் பொன்னாடையும்தான்.

என்னை அதைவிட வருத்தப்படுத்திய விஷயம் வேறு. 380 பக்கத்தைப் பத்து நாளில் ஒருவர் படித்திருக்கலாம், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் படித்தவர் உங்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையே. மூன்று தலைமுறையில் யாரோ ஒருத்திக்கு வயது இடித்திருக்கும். ஏதோ ஒரு அத்தியாயத்தில் மழைக்காலத்தில் பூ அள்ளிக் கொட்டியிருக்கும். நான்கு வருடம் எழுதிய நாவலில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போகாது.

உங்கள் பயத்தையும் நான் அனுபவித்திருக்கிறேன். என் முதல் நாவல் 2012-இல் வந்தது. எடிட்டர் கிடையாது, அச்சுப்பிழை திருத்த மெய்ப்பு பார்த்தவர் மட்டும்தான். அவர் என் ஆட்கள் பேசிய ‘அங்கிட்டு’ எல்லாவற்றையும் ‘அங்கே’ ஆக்கிவிட்டார். ‘வெரசா வா’ என்று கத்துகிற கிழவி அச்சில் ‘விரைவாக வா’ என்றாள். அப்போது பதிப்பகங்களில் யூனிகோடில் தட்டியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவார்கள். அந்த மாற்றத்தில் ‘கௌரி’ உடைந்து, ஔகாரக் குறியின் பின்பாதி இருக்கவேண்டிய இடத்தில் ‘ள’ என்ற எழுத்தே வந்து உட்கார்ந்துவிட்டது. கதாநாயகியின் பெயரே அதுதான். புத்தகம் முழுக்க ‘கெளரி’. அச்சான பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் யாராவது அந்தப் பதிப்பைக் கையெழுத்துக்கு நீட்டினால் மனசு சுருங்குகிறது.

ஆக, நீங்கள் பயப்படுகிற ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அதைச் செய்கிறவர் எடிட்டர் இல்லை. எடிட்டர் என்ன செய்வார் என்று என் இரண்டாவது நாவலில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நாவல் 2014-இல் நடக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் என் நாயகி ஆண்டிபட்டியில் ரயிலேறி மதுரைக்கு வருவாள். சன்னலோரம் உட்கார்ந்து ஆண்டிபட்டிக் கணவாயைப் பார்த்துக்கொண்டே வருவாள். நான் மிகவும் ரசித்து எழுதிய ஆறு பக்கம் அது. சின்ன வயதில் பாட்டி வீட்டுக்கு அந்தப் போடி ரயிலில் போய் வந்த ஞாபகம் எல்லாம் அதில் இருந்தது. எடிட்டர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘2014-இல் இந்த ரயில் ஓடியதா? பார்க்கவும்.’

ஓடவில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியாத செய்தி இல்லை. பக்கத்திலேயே இருப்பவள் நான். ஆனாலும் எழுதும்போது சின்ன வயது ரயில் வந்து ஓட ஆரம்பித்துவிட்டது, நானும் ஏறிக்கொண்டேன்.

ரயிலைப் பஸ்ஸாக்கி, ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று முதலில் நினைத்தேன். அப்படியே மாற்றியும் எழுதினேன். பத்தி செத்துக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த இடத்தில் கருவேலம் முளைத்திருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். முன்பு ரயிலில் அவித்த கடலை விற்றவராம். ரயில் நின்ற பிறகும் அந்த நேரத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். ‘காலு தன்னால இங்கிட்டுத்தாம்மா வருது’ என்றார்.

என் நாயகியின் அப்பா அதுவரை மளிகைக் கடைக்காரராக இருந்தார். அன்று இரவு அவரைக் கடலை விற்கிறவராக்கினேன். ரயில் நின்றதும் அவர் பிழைப்பு நின்றது, அதனால் மகளின் படிப்பு நின்றது. அதுவரை அவள் ஏன் எல்லோரிடமும் அவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. தெரிந்த பிறகு இருநூறு பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எட்டு மாதம் ஆனது. நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் சொல்வது அந்த அப்பாவைப் பற்றித்தான். ஓரத்தில் இருந்த அந்தப் பென்சில் வரி இல்லாவிட்டால் அவர் பிறந்தே இருக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நாவல் சித்திரைத் திருவிழாவில் தொடங்கியது. அழகர் ஆற்றில் இறங்குகிற காட்சியைப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தேன். எடிட்டர் போனில் கேட்டார்: “அழகர் இறங்குறது எல்லாருக்கும் தெரியும்மா. உங்க ஆளு அன்னைக்கு எங்க நின்னாரு?” என்னிடம் பதில் இல்லை. பதினான்கு பக்கமும் போய், துருத்தியில் தண்ணீர் பீச்சிக்கொண்டு போகும் அண்ணனைக் கூட்டத்தில் தவறவிட்ட ஒரு பிள்ளை, மண்டகப்படி வாசலில் நின்று அழுகிற ஒன்றரைப் பக்கமாக அது மாறியது.

வட்டாரப் பேச்சை அவர் எங்கேயும் ‘திருத்த’வில்லை. ஒழுங்கு கேட்டார், அவ்வளவுதான். அப்பத்தா ஒரு பக்கத்தில் ‘அம்புட்டும்’ என்கிறாள், பத்துப் பக்கம் தள்ளி ‘அவ்வளவும்’ என்கிறாள், எது அவள் பேச்சு? கல்லூரிக்குப் போன பேத்தி வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் பேசுவாள், அந்த மாற்றம் எழுத்தில் தெரிய வேண்டாமா? உங்கள் நாவலில் மூன்று தலைமுறை இருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி பேசினால் படிக்கிறவருக்குக் குழம்பிவிடும். கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போதே, நீங்கள் வேண்டுமென்றே வைத்திருக்கும் வழக்குச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். ‘இவற்றில் கை வைக்க வேண்டாம்’ என்று மேலே எழுதுங்கள். மூன்றாவது நாவலில் நான் அப்படித்தான் செய்தேன். மெய்ப்பு பார்த்தவர் ஒரு ‘அங்கிட்டு’வைக் கூடத் தொடவில்லை.

இரண்டாவது நாவலின் எடிட்டருக்கு என் பணத்திலிருந்து 15,000 ரூபாய் கொடுத்தேன். அப்போது எனக்கு அது பெரிய தொகை. கொடுத்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. உங்களால் செலவழிக்க முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள். அதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேச்சு வருகிற பக்கங்களையெல்லாம் சத்தமாகப் படியுங்கள். பூ எடுக்கிற ஒரு அக்காவை உட்கார வைத்து அவரிடம் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. எங்கே அவர் முகம் சுளிக்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு.

ஒப்பந்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் நாவலுக்கு எல்லாம் வாய்ப்பேச்சுதான். நாலு வருடம் கழித்து வேறொருவர் மறுபதிப்புப் போட முன்வந்தபோது பழைய பதிப்பாளர் ‘உரிமை என்னிடம்’ என்றார். நானும் நம்பி ஒதுங்கிவிட்டேன். ஒரு வக்கீல் தோழி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போடாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதிக் கொடுத்திருந்தாலும், எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் கணக்கு. நீங்கள் எழுதியது உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது. ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள்: எத்தனை வருடம், எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு, எப்போது கணக்குக் கொடுப்பார்கள். 10 சதவீதம் என்பது வழக்கம். 300 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் உங்களுக்கு 9,000 ரூபாய். இதைத் தெரிந்துகொண்டுதான் நகைப்பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

சரி, வாசகர். முதல் நாவலுக்கு விழா நடத்தினோம். பேச்சாளர்கள் ஒன்பது பேர். விழாவில் விற்றது இருபதுக்கும் குறைவு. வந்தவர்கள் எல்லாம் உறவும் நட்பும், அவர்கள் அன்புக்கு நான் கடன்பட்டவள். ஆனால் அவர்களில் பலர் இன்னும் அதைப் படிக்கவில்லை. இரண்டாவது நாவலுக்கு விழா வைக்கவில்லை. மேல வெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணையில் பத்துப் பிரதி கொடுத்தேன். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது பதிப்பாளரின் கடையில் சாயங்கால நேரங்களில் போய் நின்றேன். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் நிற்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற ஒருவரிடம் ‘இது என் நாவல்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். அவர் செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட நாம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு மாலை, திருமங்கலத்தில் ஒரு வாசகர் வட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டரை மணி நேரம் பேசினோம். அந்தக் கடலைக்கார அப்பா கடைசியில் மகளிடம் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை என்று ஒரு அம்மா என்னை விடாமல் கேட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் நாலைந்து பேரிடமாவது சொல்லியிருப்பார்கள். பிறகு 2022 மே மாதம் தேனி வரைக்கும் மறுபடி ரயில் விட்டபோது, அதே வட்டத்திலிருந்து ஒருவர் புத்தகத்தோடு மதுரையில் ஏறியிருக்கிறார். உசிலம்பட்டி தாண்டியதும் மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து படித்துக்கொண்டே போனாராம். அவர் சன்னலோரம் எடுத்த படத்தை அனுப்பியபோது நான் சமையலறையில் நின்று அழுதேன்.

உங்கள் நாவலுக்கும் அப்படி ஒரு பதினொரு பேர் இருக்கிறார்கள். வாடிப்பட்டியிலும் நிலக்கோட்டையிலும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலும் இருக்கிறார்கள். நூலகத்துக்கும் கொண்டுபோய்ச் சேருங்கள். நீங்களே என்னை நூலகத்தில்தானே கண்டுபிடித்தீர்கள்? புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், தைரியம் வரும்.

அந்தப் பதிப்பகத்துக்கு ‘இப்போதைக்கு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு, விடைத்தாள் வேலையெல்லாம் முடிந்ததும் முதல் மூன்று அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல் வேண்டாம். தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு அனுப்புங்கள். பென்சிலால் எழுத எனக்கு இடம் வேண்டும்.

அன்புடன்,
அக்கா