வாசகர் கேள்வி: சாவுச் சடங்கும் ஆய்வும்

கேள்வி: முதுகலை ஆய்வுக்கு எங்கள் பக்கத்துச் சாவுச் சடங்குகளைப் பதிவு செய்ய வேண்டும். அழுகிற வீட்டில் நோட்டும் கையுமாக நிற்பதா? மானிடவியலாளர்கள் எப்படித்தான் செய்கிறார்கள்? - மாணவி, பாலக்கோடு

பதில்: நிற்கவே வேண்டாம். முதல் நாள் நீங்கள் துக்கம் விசாரிக்க வந்தவர், அவ்வளவுதான். போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்து கவனியுங்கள். கோடித்துணி கொண்டுவந்தவர் இறந்தவருக்கு என்ன முறை? வாய்க்கரிசி எந்த வரிசையில்? கொள்ளிக்குடம் எத்தனை சுற்று, துளை போட்டவர் யார்? கிளம்பும்போது வழக்கம்போல "வர்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பார்த்ததை அன்றிரவே எழுதுங்கள். நாள் தள்ளினால் நடந்தது மறந்து, வழக்கமாக நடப்பதை எழுதிவைப்பீர்கள்.

பேட்டியெல்லாம் காரியம் முடிந்த பிறகு, வீட்டார் சம்மதத்தோடு. "ஏன் இப்படி?" என்று கேட்டால் "அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "போன சாவுக்கு இதை யார் செய்தார்? செய்யாமல் விட்டால் யார் கோபித்துக்கொள்வார்?" என்று கேளுங்கள்; பங்காளி, மாமன் மச்சான் வழக்குகளெல்லாம் வெளியே வரும். கூடவே உறவுப் படம் ஒன்று வரையுங்கள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் குறி மேல் குறுக்குக் கோடு. அது இல்லாமல் யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பது புரியாது. பறை அடித்தவர், முடிவெட்டுபவர், வெட்டியான் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டார் கண்ணில் படாத பாதிச் சடங்கு அவர்களுக்குத்தான் தெரியும். ஒப்பாரியைச் சாவில்லாத வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், ஆகாது என்பார்கள். வயக்காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தால் பாடக்கூடும்.

ஒரே ஒரு சாவைப் பார்த்துவிட்டு "தருமபுரி மாவட்ட வழக்கம்" என்று தலைப்பு வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எரிக்கிற குடும்பத்திலும் குழந்தையைப் புதைப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவரின் கல்யாணச் சாவும் வாலிபச் சாவும் ஒன்றல்ல. ஓசூர்ப் பக்கம் போனால், உடலை உட்காரவைத்து அடக்கம் செய்யும் லிங்காயத்துகளையும் பார்க்கலாம்.

கேள்வி: மல்லசந்திரம் கல்திட்டைகளில் முழு எலும்புக்கூடு இருக்குமா? - வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எதிர்பார்க்காதீர்கள். கற்பலகைகளால் கட்டிய இந்தக் கல்திட்டைகள் போன்ற தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பலவற்றில் கிடைப்பவை பொறுக்கி வைத்த எலும்புகள்தாம். சதை அழிந்தபின் எலும்பை எடுத்து மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள். போர்னியோ தயாக் மக்களின் இந்த இரட்டை அடக்கத்தைப் பற்றி 1907-ல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ராபர்ட் ஹெர்ட்ஸ் எழுதினார். அந்தத் தீவில் கால் வைக்காமல், மற்றவர்கள் எழுதிய குறிப்புகளைக் கொண்டே எழுதினார் என்பது வேறு விஷயம். உடல் அழிகிற காலமும், உயிர் போய்ச் சேரும் காலமும், வீட்டார் துக்கம் காக்கும் காலமும் ஒன்றாகவே ஓடுகின்றன என்பது அவர் கண்டது. இதற்குப் போர்னியோ வரை போகவும் வேண்டாம். 1906-ல் வெளிவந்த, நீலகிரித் தோடர் பற்றிய நூலில் ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் இரண்டு சாவுகளை விவரிக்கிறார்: உடலை எரிக்கும் பச்சைச் சாவு, எடுத்துவைத்த மண்டையோட்டுத் துண்டையும் முடியையும் பிறகு எரிக்கும் உலர் சாவு.

அதற்காகக் கல்திட்டைக்குள் நீங்களே தோண்டிப் பார்க்கக் கூடாது. எலும்பு எந்த அடுக்கில், எந்தப் பானையோடு இருந்தது என்ற சேதி கலைந்தால், கையில் மிஞ்சுவது வெறும் எலும்பு.

கேள்வி: இந்தோனேசியாவில் பிணத்தை மாதக்கணக்கில் வீட்டில் வைப்பது உண்மையா? - வாசகி, அரூர்

பதில்: உண்மை. சுலவேசித் தீவின் தொராஜா மக்களிடம் உண்டு. எருமை வெட்டிச் சடங்கு செய்யப் பணம் சேரும்வரை, சிலசமயம் வருடக்கணக்கில்கூட வைத்திருப்பார்கள். உடல் கெடாமலிருக்க இப்போது ஃபார்மலின் போடுகிறார்கள். சடங்கு முடியும்வரை இறந்தவர் அந்த வீட்டுக்கு "நோயாளி"தான், சாப்பாடும் வைப்பார்கள்.