காலத்தைச் சாட்சிக்கு அழைக்கும் காதலர்கள்: ஆங்கிலக் கவிதை பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை ஆன்ட்ரூ மார்வெல் (1621–1678) எழுதிய ‘நாணும் தன் காதலிக்கு’ (ஆங்கிலத்தில் ‘டு ஹிஸ் கோய் மிஸ்ட்ரெஸ்’) என்ற கவிதையைச் சுற்றியே இருந்தன. 46 அடிகள் கொண்ட அக்கவிதையில், இணங்கத் தயங்கும் பெண்ணிடம் ஒருவன் வாதாடுகிறான். நமக்கு உலகமும் காலமும் வேண்டிய மட்டும் இருந்தால் உன் தயக்கம் குற்றமாகாது. ஆனால் காலத்தின் சிறகுத் தேர் என் முதுகுக்குப் பின்னால் விரைந்து வரும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே இப்போதே கூடுவோம் என்பது அவன் வாதம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இளங்கலை மாணவி: ஐயா, தலைப்பில் வரும் ‘மிஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்கு ஆசைநாயகி என்று பொருள் கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது, அம்மா. அக்காலக் காதல் கவிதைகளில் அச்சொல், ஒருவன் தன் மனத்தைக் கொடுத்து வேண்டி நிற்கும் தலைவியைக் குறித்தது. அதற்கு முன் வரும் ‘கோய்’ என்ற சொல்லும் அப்படியே. நாணுவதுபோல் நடிப்பவள் என்ற இன்றைய சாயலை அதில் ஏற்றிவிட்டால், அவள் மனத்துக்குள் இசைந்துவிட்டாள் என்று நாமே தீர்ப்பு எழுதியவர்கள் ஆவோம். ஒதுங்கி நிற்பவள், தயங்குபவள் என்று கொள்வதே அவளுக்குச் செய்யும் நியாயம்.

மொழிபெயர்க்க முயலும் ஒருவர்: ‘வெஜிடபிள் லவ்’ என்று அதில் வருகிறது. ‘காய்கறிக் காதல்’ என்று எழுதினால் சிரிப்பு வருகிறது. வேறு எப்படி எழுதுவது?

அரிஸ்டாட்டிலின் வழிவந்த கல்வியில் உயிருக்கு மூன்று ஆற்றல்கள் சொல்லப்பட்டன: வளர்வது, உணர்வது, சிந்திப்பது. வளரும் ஆற்றல் மட்டுமே உடையவை தாவரங்கள். அந்த ஆற்றலுக்குரிய அடைமொழியே இச்சொல். ஓசையின்றி, அவசரமின்றி, பேரரசுகளைவிடப் பெரிதாகவும் அவற்றைவிட மெதுவாகவும் வளரும் காதல் என்பது கருத்து. ‘மரம்போல் வளரும் காதல்’ என்று எழுதுங்கள். ஆயினும் வளர்வதைத் தவிர வேறொன்றும் அறியாத காதல் என்ற மெல்லிய குறையும் மூலத்தில் ஒலிக்கிறது. அதைக் காப்பாற்ற முடிந்தால் மிக நன்று.

தருக்கம் கற்பிக்கும் ஆசிரியர்: காதலனின் வாதம் தருக்க முறைப்படி செல்லுமா?

செல்லாது. ‘மழை பெய்தால் முற்றம் நனையும்; மழை பெய்யவில்லை; ஆகவே முற்றம் நனையவில்லை’ என்பது எத்தகைய பிழையோ அத்தகைய பிழைதான் இதுவும். யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம் அல்லவா? காலம் இருந்தால் தயக்கம் குற்றமன்று என்பதை ஒப்புக்கொண்டாலும், காலம் இல்லாததால் தயக்கம் குற்றம் என்று ஆகிவிடாது. இருந்தும் கவிதை நம்மை இழுத்துச் செல்கிறது என்றால், அந்த வேலையைச் செய்வது தருக்கம் அன்று, அடிகளின் நடை.

முதல் 20 அடிகளில் வினைகள் எல்லாம் ‘இருந்தால் செய்வேன்’ என்ற நிபந்தனையில் நிற்கின்றன: கண்களையும் நெற்றியையும் புகழ 100 ஆண்டுகள், ஒவ்வொரு மார்புக்கும் 200 ஆண்டுகள், எஞ்சியவற்றுக்கு 30,000 ஆண்டுகள் என்று எண்கள் சோம்பலாக ஏறுகின்றன. அடுத்த 12 அடிகளில் அந்த எண்கள் அனைத்தும் கல்லறைக்குள் விழுகின்றன; புழு, புழுதி, சாம்பல் என்று சொற்கள் சுருங்குகின்றன. அவளுடைய மானம் புழுதியாகும் என்று சொன்ன அதே மூச்சில் தன் வேட்கையும் சாம்பலாகும் என்று அவன் சொல்லிவிடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் அச்சுறுத்துபவன் தன்னையும் அந்தக் குழிக்குள் வைத்தே பேசுகிறான். கடைசி 14 அடிகளில் ‘இப்போது’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. காலம் தன் தாடையில் இட்டு நம்மை மெல்ல மெல்ல அரைப்பதற்கு முன், வேட்டைப் பறவைகளைப் போல நாமே காலத்தை விழுங்குவோம் என்கிறான். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; முதல் பகுதியில் தங்கித் தங்கி வந்த குரல் இங்கே மூச்சு வாங்கும்.

வாசகர் ஒருவர்: கங்கை எதற்காக அக்கவிதைக்குள் வந்தது?

தொலைவைக் காட்டத்தான். அவள் கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்குவாள், அவன் இங்கிலாந்தின் ஹம்பர் நதியின் கழிமுகத்தில் நின்று புலம்புவான். கிழக்கிந்திய கம்பெனி 1600-இல் தொடங்கப்பட்டபின் ஆங்கிலேயரின் கற்பனையில் கங்கை என்றாலே செல்வம். ஹம்பரோ மார்வெல்லின் சொந்த நீர். அதன் கரையில் உள்ள ஹல் நகரில் வளர்ந்தவர், பின்னர் அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவருடைய தந்தை 1641-இல் அந்த நதியைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். கவிதை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. என்றாலும் அதை அறிந்தபின் ஹம்பர் என்ற பெயரை வெறும் ஊர்ப்பெயராக என்னால் படிக்க இயலவில்லை.

முதுகலை மாணவி: ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் எங்கும் பதில் சொல்லவில்லையா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய கவிதையில் ஆயன் ஒருவன், என்னோடு வந்து வாழ், ரோசாப்பூ மெத்தையும் பூக்களால் ஆன தொப்பியும் தருகிறேன் என்று அழைக்கிறான். வால்டர் ராலி எழுதியதாக வழங்கும் மறுமொழிக் கவிதை, அதே சந்தத்தில், அதே ஆறு பத்திகளில் பெண்ணைப் பேச வைக்கிறது. பூ வாடும், உடை கிழியும், நதி சீறும், ஆட்டைக் காலம் பட்டிக்கு விரட்டும். இளமை நிலைக்குமானால் வந்திருப்பேன் என்கிறாள். இங்கே கவனியுங்கள்: எல்லாம் அழியும் என்பதால் இப்போதே வா என்று மார்வெல்லின் காதலன் சொல்கிறான், எல்லாம் அழியும் என்பதால் வரமாட்டேன் என்று இவள் சொல்கிறாள். நிலையாமை யார் பக்கமும் சாட்சி சொல்லும்.

ஜான் டன்னின் ‘தெள்ளுப்பூச்சி’ கவிதையில் பெண்ணின் பதில் இன்னும் நுட்பமானது. நம் இருவரையும் கடித்த இப்பூச்சிக்குள் நம் இரத்தம் கலந்துவிட்டது, இதுவே நம் மணவறை, இதைக் கொல்லாதே என்று அவன் கெஞ்சுகிறான். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் அவள் அதை நகத்தால் நசுக்கிவிடுகிறாள். மூன்றாம் பத்தி தொடங்கும்போது அவள் நகத்தில் இரத்தக் கறை இருக்கிறது. அவன் உடனே வாதத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அவனைத் திருப்ப வைத்தது அவளுடைய செயல். கவிதை முடிந்த பிறகும் அவள் இசைந்ததாக ஓர் எழுத்து இல்லை.

மற்றொரு மாணவி: கவிஞர் ராபர்ட் ஹெரிக்கும் இதே வகையினர்தானா?

ஓரளவுக்கே. ரோசா மொட்டுகளை முடிந்தபோதே கொய்யுங்கள் என்று தொடங்கும் அவருடைய கவிதை 1648-இல் ‘ஹெஸ்பெரிடீஸ்’ தொகுப்பில் வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த அவர், இறுதியில் சொல்வது ‘திருமணம் செய்துகொள்ளுங்கள்’ என்பதைத்தான். தனக்கென்று எதையும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஒருவர்: இவர்களுக்கெல்லாம் மரணம் வாதத்துக்கு உதவும் ஒரு கருவி மட்டும்தானா?

இளமையில் பெரும்பாலும் அப்படித்தான். டன்னின் வாழ்க்கை அதை மாற்றியது. 1601-இல் ஆன் மோரை அவர் மறைவாக மணந்தார். அதனால் வேலை போயிற்று, சிறிது காலம் சிறையிலும் இருந்தார். 1617-இல் ஆன் தம் 12-ஆம் பிள்ளைப்பேற்றை ஒட்டி இறந்தார். அதன்பின் டன் எழுதிய பதினான்கு அடிக் கவிதை, அவள் இயற்கைக்குத் தன் கடைசிக் கடனைச் செலுத்திவிட்டாள் என்று, எந்தச் சாதுரியமும் இன்றித் தொடங்குகிறது.

அவளை நேசித்ததே தம்மைக் கடவுளிடம் கொண்டுவந்தது என்று சொல்லும் அவர், கடவுளைக் கண்ட பிறகும் தாகம் தணியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதற்கடுத்து, காதலன் பெண்ணை நயந்து வேண்டுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வூ’ என்ற வினைச்சொல்லை எடுத்துக் கடவுளுக்குச் சூட்டுகிறார்: என் உயிரை நீயே வேண்டி நிற்கும்போது நான் ஏன் இன்னும் அன்பு கேட்டு இரக்க வேண்டும்? தெள்ளுப்பூச்சியைக் காட்டி வாதாடியவர் இங்கே வாதத்தைக் கேட்கும் இடத்தில் இருக்கிறார். வேண்டி நிற்கும் கடவுளோ, இந்த மனத்திலிருந்து உலகம் தன்னைத் தள்ளிவிடுமோ என்று கனிந்த பொறாமையோடு ஐயுறுகிறார்.